பிரபுவின் ஊறுகாய்க் கல்

"எண்ணூறு பேரு, நாப்பது குதிரை, பல்லக்குக்குள்ள எங்க பிரபு. அத்தனையையும் நடுத்தெருவுல, ஒரு பானைச் சோறு வேகிற நேரத்துக்கு நிக்க வச்சவன் நான். கத்தியும் இல்ல, கட்டளையும் இல்ல. ஒரே ஒரு ஊறுகாய்க் கல்லு. தலை இன்னும் கழுத்து மேலதான் இருக்கு, வேணும்னா தொட்டுப் பாத்துக்கோ."

இதைச் சொன்ன மகோஹாச்சி, நகனோசேக் கோட்டைக் கீழ்த்தெருவின் குளியல் வீட்டில் கழுத்துவரை வெந்நீரில் அமிழ்ந்திருந்தார். தலையில் மடித்த துண்டு. வயது அறுபத்தொன்று, முழங்கால்களுக்கு மட்டும் நூற்றிருபது.

"போன வாரம் எழுநூறு பேருன்னீங்களேண்ணே," என்றான் பீப்பாய் கட்டுகிற தன்ஜி.

"ஒரு வாரம் ஆச்சில்ல. மிச்சப் பேரு இப்பத்தான் வந்து சேந்தாங்க."

தொட்டி முழுவதும் சிரித்தது. மூலையில் இருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மெலிந்த, நெட்டையான ஹன்ஜூரோ. பிரபுவின் பயணக் குறிப்பை முப்பத்தெட்டு வருடம் எழுதி ஓய்வு பெற்றவர். வெந்நீரில்கூட முதுகை நிமிர்த்தித்தான் உட்காருவார்.

"நடக்கல," என்றார் ஹன்ஜூரோ.

"ஐயா ஆரம்பிச்சிட்டாரு," என்றான் தன்ஜி.

"அந்த வருஷம் குறிப்பு எழுதினவன் நான். அன்னைக்கு எழுதின வரி எனக்கு இன்னும் மனப்பாடம். 'வானம் தெளிவு. குறித்த நேரத்தில் புறப்பாடு. வழியில் இடையூறு ஏதுமில்லை.' ஊர்வலம் நின்னிருந்தா நான் எழுதியிருப்பேன். ஒரு குதிரை தும்மினதைக்கூட எழுதினவன் நான்."

அது பொய்யில்லை. குதிரை தும்மியதை மட்டுமல்ல, எந்தத் திசையைப் பார்த்துத் தும்மியது என்பதையும் எழுதியவர் அவர். ஊரில் இரண்டு பேர் சொல் மாறிச் சொன்னால் ஹன்ஜூரோவின் குறிப்பைத்தான் புரட்டுவார்கள். அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை. அந்தக் குறிப்பேடுகள்தான் அவருடைய வம்சம்.

மகோஹாச்சி வழக்கம்போல ஏதோ ஒரு பதிலடி கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் உடம்பைத் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கியபோது அந்தச் சிரிப்பு அவரோடு வரவில்லை. கால்தான் வந்தது, அதுவும் முனகிக்கொண்டே.

எங்கே முனகாமல் இருக்கும். இருபது வயதில் காலாட்படையில் சேர்ந்தவர். பிரபு ஒரு வருடம் தலைநகர் எடோவில், நாட்டை ஆளும் ஷோகனின் கண்முன் இருக்க வேண்டும், ஒரு வருடம் சொந்த மண்ணில் இருக்கலாம். இது சட்டம். பிரபு போனால் படையும் போகும். படை போனால் பிரபுவின் குளியல் தொட்டி, தேநீர்ப் பெட்டி, கழிப்புப் பெட்டி எல்லாம் தோளில் ஏறிப் போகும். இந்தப் பிரபுவுக்கோ வயிறு ஒரு தனி ராஜ்யம். ஊர் முள்ளங்கி ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காது. அந்த ஊறுகாயையும் சொந்த ஊர் ஆற்றுக் கல்லை வைத்து அழுத்தினால்தான் வாயில் வைப்பார். வழியில் கிடக்கிற கல்லெல்லாம் அவருக்கு அந்நியக் கல்.

அந்தக் கல் மகோஹாச்சியின் முதுகில் ஏறியது. மரச்சட்டத்தில் கட்டிய உருண்டைக் கல், ஆறு வயதுப் பிள்ளையின் கனம் இருக்கும். பத்தொன்பது முறை போய்ப் பத்தொன்பது முறை வந்தார். அந்தத் தூரத்தை நேராகப் போட்டிருந்தால் நிலாவுக்கே போய், அங்கே கல்லை இறக்கி வைத்து ஒரு கிண்ணம் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். முதுகில் கல் பதிந்த பள்ளத்தில் மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

கல்யாணமாகி முப்பத்தொன்பது வருடம். அதில் பாதி எடோவில் கழிந்தது. மனைவி ஓமினேவை ஒரு வருடம் பார்ப்பார், ஒரு வருடம் நினைப்பார். பழகிவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பழகிப்போனது கல் மட்டும்தான்.

வீட்டில் ஓமினே படுத்திருந்தாள். மார்கழிக் குளிரில் படுத்தவள், பிளம் மரம் பூத்து உதிர்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. வைத்தியர் வருவதையே நிறுத்திவிட்டார். மகள் ஓஇஷி பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். காலையில் வந்து கஞ்சி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"இன்னைக்கு எத்தனை பேரு?" என்றாள் ஓமினே, கண்ணைத் திறக்காமல்.

"எண்ணூறு."

"ஏறிட்டே போகுது. நான் போறதுக்குள்ள ஷோகனே வந்துருவாரு உங்க ஊர்வலத்துல."

அவர் அடுப்பைக் கிளறினார். அவள் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"ஏங்க. விளையாட்டை விட்டுட்டுச் சொல்லுங்க. ஓஇஷி பொறந்த அன்னைக்கு நிஜமாவே வந்தீங்களா?"

"வந்தேன்னு எத்தனை தடவை சொல்றது."

"சொன்னீங்க. அதான் சந்தேகமா இருக்கு. முதல் தடவை சொன்னப்ப ஓடி வந்தீங்க. அடுத்த தடவை குதிரையில வந்தீங்க. அதுக்கப்புறம் பிரபுவே இறங்கி எங்கிட்ட நலம் விசாரிச்சாரு. எதைன்னு நம்புவேன்?"

மகோஹாச்சி இடுக்கியால் ஒரு கரித்துண்டைப் புரட்டினார்.

"எனக்கும் ஒண்ணு ஞாபகம் இருக்கு," என்றாள். "கதவு திறக்குது. நீங்க நிக்கிறீங்க. ஒரு கால்ல செருப்பு இருக்கு, இன்னொண்ணு வெறுங்கால், சேறு அப்பிக் கிடக்கு. ஆனா அதே கதவு வழியா செத்துப்போன எங்க அம்மாவும் வந்தாங்க, கையில முறத்தோட. அந்த வலியில எல்லாருந்தான் வந்தாங்க. உங்களைக் கேட்டா, ரெண்டு கால்லயும் செருப்பு இருந்துச்சுங்கறீங்க."

"பிரபு ஊர்வலத்துல எவனாவது வெறுங்காலோட போவானா? ரெண்டும் இருந்துச்சு."

"அப்ப நான் பார்த்தது கனவுதான்." அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "பரவாயில்ல. போகும்போது தெரிஞ்சுக்கிட்டுப் போகலாம்னு கேட்டேன். ஒரு தடவையாவது அந்தக் கல்லை இறக்கி வச்சீங்களா இல்லையான்னு."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். களைப்பு மட்டும்தான் இருந்தது.

சாட்சி சொல்ல ஊரில் ஆள் இல்லை. மருத்துவச்சி அந்தக் குளிர்காலமே போய்விட்டாள். சுமைகாரர்களை மேய்த்த சாமான் தலைவர் போய்விட்டார். ஊர்வலத்தில் பக்கத்தில் நடந்தவர்களில் பாதிப் பேர் மண்ணுக்குள். மீதிப் பேர், அதைப் பார்த்ததாகச் சொன்னால் தடுக்காததற்குத் தண்டனை என்று முப்பத்துமூன்று வருடமாக அதை மறந்து மறந்து, நிஜமாகவே மறந்துபோனார்கள். பழைய பிரபு கண்ணை மூடிய பிறகு, இந்த மூன்று வருடமாகத்தான் மகோஹாச்சியே வெளியில் வாயைத் திறந்தார். எஞ்சியிருப்பது ஒரே ஒரு குறிப்பேடு. அதில் இடையூறு ஏதுமில்லை.

அவர் கையிலிருந்த இடுக்கியை வைத்துவிட்டு, நேரே ஹன்ஜூரோவின் வீட்டுக்கு நடந்தார்.

ஹன்ஜூரோ சன்னலருகில் ஒரு பழைய குறிப்பேட்டுக்குப் புது நூல் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"குளியல் வீட்டுல சொன்னது போதலையா?"

"இன்னைக்கு நிஜத்தை மட்டும் சொல்ல வந்திருக்கேன் ஐயா. கொஞ்சம் கஷ்டமா இருக்கும், பழக்கம் இல்ல. பொறுத்துக்கோங்க."

அவர் வாசல் படியிலேயே உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன.

"எண்ணூறு பேரு இல்ல. முன்னூறு இருக்கும்."

"இருநூத்தித் தொண்ணூத்தி நாலு," என்றார் ஹன்ஜூரோ, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சரி. குதிரை பதினஞ்சு."

"பதினொண்ணு."

"பதினொண்ணு. விடியற நேரம். முந்தின நாள் மழை, தெருவெல்லாம் சேறு. என் பொண்டாட்டிக்கு முந்தின சாயங்காலமே வலி எடுத்துருச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு பிள்ளைங்க. ரெண்டுமே நான் எடோவுல இருந்தப்பப் பொறந்து, எடோவுல இருந்தப்பவே போச்சு. ரெண்டையும் நான் கடுதாசியிலதான் பார்த்தேன். இது மூணாவது. புறப்பாட்டு நாளை மாத்த பிரபுவாலயே முடியாது, நான் எங்கே மாத்தறது. கல்லைத் தூக்கிக்கிட்டுப் போய் வரிசையில நின்னேன்."

ஹன்ஜூரோவின் ஊசி நின்றது.

மகோஹாச்சி சொல்லச் சொல்ல, அந்தத் தெரு அவர் முன்னே திரும்பவும் ஈரமாகியது. 'தலையைத் தாழ்த்து, தலையைத் தாழ்த்து' என்று முன்னால் போகிறவர்களின் கூவல். இரண்டு ஓரமும் சேற்றில் நெற்றி படியக் கிடந்த ஜனங்கள். காலாட்படைக் குடியிருப்பு வலப்பக்கம். ஐந்தாவது கதவு அவருடையது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதால் காதால் பார்த்தார். கதவுக்குள்ளிருந்து சத்தமே வரவில்லை. கத்திக்கொண்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அப்போது இடப்பக்கத்தில், குப்புறக் கிடந்த கூட்டத்துக்கு நடுவில் ஒரு உருவம் எழுந்து நின்றது. மருத்துவச்சி ஓதோரா. எழுபது வயது, கையில் ஒரு தடி. போன வாரம்தான் கிணற்றடியில் வழுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டவள். பிரபுவின் ஊர்வலத்தின் குறுக்கே நாட்டில் யார் போனாலும் கத்தி பேசும். அவசரத் தூதனுக்கும் மருத்துவச்சிக்கும் மட்டும் அது பேசாது. காவலர்கள் ஈட்டியை விலக்கினார்கள். ஓதோரா விந்தி விந்தி, இரண்டு வரிசை தாண்டி, சரியாக மகோஹாச்சியின் முன்னால் வந்து சேற்றில் விழுந்தாள்.

எழ முயன்றாள், முடியவில்லை. வரிசையைக் கலைத்து அவளைத் தூக்க யாருக்கும் உரிமை இல்லை. மருத்துவச்சி கடக்கலாம் என்றுதான் வழக்கம். மருத்துவச்சியை யாராவது சுமக்கலாம் என்று வழக்கத்தில் இல்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆளை அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"அடப்பாவி, நீயா? உன் வீட்டுக்குத்தான்டா போறேன். பிள்ளைக்குக் கால் முன்னாடி வருதுன்னு ஆள் அனுப்பியிருக்காங்க. நான் இங்கயே கிடந்தேன்னா இதுவும் கடுதாசியிலதான்."

மகோஹாச்சி இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடி வரவில்லை. குனிந்து, தோள்பட்டையைக் கழற்றி, கல்லை நடுத்தெருவில் இறக்கி வைத்தார்.

இங்கேதான் பிரபு வீட்டின் பழைய சட்டம் ஒன்று வேலை செய்தது. அன்றைய பிரபுவின் கொள்ளுத்தாத்தா போட்டது. பிரபுவின் பொருள் தரையில் இறங்கினால், அது மறுபடி தோளில் ஏறும்வரை பின்னால் வருகிறவன் அதைத் தாண்டக்கூடாது. யார் பெயரில் ஒப்படைத்ததோ அவனைத் தவிர வேறு யாரும் அதைத் தொடவும் கூடாது. பின்னால் தேநீர்ப் பெட்டிக்காரன் கல்லைப் பார்த்தான், நின்றான். அவன் நின்றதும் அவனுக்குப் பின்னால், அதற்குப் பின்னால், குதிரைகள்வரை, பல்லக்குவரை எல்லாம் நின்றன. முன்னால் போனவர்களுக்கு எதுவும் தெரியாது. நூறு பேர் பிரபுவே இல்லாமல் 'தலையைத் தாழ்த்து' என்று கூவிக்கொண்டே பாலம்வரை போய்விட்டார்கள். அதுவரை ஊரே வராத பல்லக்குக்குத் தலையைத் தாழ்த்தியது.

"இது மிகை இல்ல ஐயா. பாலம்வரைதான். குளியல் வீட்டுல எடோவரைன்னு சொன்னேன், அது தப்பு."

"மேல சொல்லு," என்றார் ஹன்ஜூரோ.

"கிழவியை முதுகுல போட்டேன். கல்லைவிட லேசு. ஓடினேன். கதவைத் தள்ளினேன். ஓமினே என்னைப் பார்த்தா. முகம் சுண்ணாம்பு மாதிரி. நான் பக்கத்துல போய் உக்காந்துட்டேன். போக மாட்டேன்னு சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'கல்லை எங்க வச்சீங்க'ன்னு கேட்டா."

ஹன்ஜூரோ ஊசியை ஏட்டில் குத்தி வைத்தார்.

"தெருவுலன்னேன். 'போங்க, போய் எடுங்க. பிள்ளை பிழைச்சா அதுக்கு அப்பன் வேணும், தலையோட வேணும்'னா. கையைப் பிடிச்சுக்கிட்டா, விட்டுட்டா. நான் வந்து கல்லைத் தூக்கிக்கிட்டேன். யாரும் என்னைப் பார்க்கல. எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. வெட்டு எப்ப விழும்னு எடோவரை கழுத்துல கூச்சம். விழவே இல்ல. பிரபு பல்லக்குல தூங்கியிருப்பாருன்னு நினைச்சுக்கிட்டேன். ஒரு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தா, என் மக நடந்து வந்து கதவைத் திறக்குது."

அவர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ போயிட்டிருக்கா ஐயா. நான் வந்தேனா இல்லையான்னு தெரியாமப் போறா. நான் சொன்னா நம்ப மாட்டா, அது என் வாய் செஞ்ச வினை. நீங்க சொன்னா நம்புவா. நீங்க பல்லக்குப் பக்கத்துல இருந்தீங்க. உங்களுக்குத் தெரியும்."

வெளியே யாரோ மீன் கூவி விற்றுக்கொண்டு போனார்கள். ஹன்ஜூரோ நூலை அறுத்து, குறிப்பேட்டை மூடி வைத்தார்.

"என் குறிப்புல ஒரு வரி பொய்யின்னா," என்றார் மெதுவாக, "மீதி முப்பத்தெட்டு வருஷத்தை யாரு நம்புவா?"

"அவ ஒருத்தி நம்பினா எனக்குப் போதும் ஐயா."

"நீ வீட்டுக்குப் போ."

மகோஹாச்சி எழுந்தார். எழுவதற்குத் தூணைப் பிடிக்க வேண்டியிருந்தது. வாழ்நாளில் முதல்முறையாகக் கூட்டாமல் ஒரு கதை சொன்னார். அதற்கும் இதுதான் கூலி. வீட்டுக்குப் போய் ஓமினேவுக்குக் கஞ்சி ஊட்டினார். எங்கே போனீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் பேசிப் பேசிச் சலித்துப்போயிருந்தது.

மறுநாள் முற்பகல், ஓஇஷி துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது காலாட்படைக் குடியிருப்பே வாயைப் பிளந்தது. ஹன்ஜூரோ வந்துகொண்டிருந்தார், கோட்டைக்குப் போகிறபோது மட்டும் போடுகிற விறைப்பான தோள் உடையில். அக்குளில் ஒரு குறிப்பேடு. தன்ஜி பீப்பாயை உருட்டிவிட்டுப் பின்னாலேயே வந்தான்.

அவர் ஐந்தாவது கதவைத் தாண்டி உள்ளே வந்து, படுக்கைக்கு எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தார். ஓமினே எழ முயன்றாள். வேண்டாம் என்று கையைக் காட்டினார். குறிப்பேட்டைத் திறந்து, எழுத்தின் மேல் விரலை வைத்துப் படித்தார்.

"'வானம் தெளிவு. குறித்த நேரத்தில் புறப்பாடு. வழியில் இடையூறு ஏதுமில்லை.' இது என் கையெழுத்து."

"தெரியும் ஐயா," என்றாள் ஓமினே. "இவரு பேச்சை நம்பி நீங்க இவ்வளவு தூரம்..."

"வானம் தெளிவாத்தான் இருந்துச்சு. குறிச்ச நேரத்துலதான் புறப்பட்டோம்." ஹன்ஜூரோவின் விரல் மூன்றாவது வாக்கியத்துக்கு நகர்ந்து நின்றது. "பல்லக்கு நின்னதும் பிரபு உள்ள இருந்து கேட்டாரு, என்னன்னு. நான் பக்கத்துல நின்னேன். மருத்துவச்சி கடக்கிறா, பிரபுன்னேன். சரி, கடக்கட்டும்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் கேட்டாரு. இன்னும் கடந்துக்கிட்டிருக்கான்னேன். மூணாவது தடவை கேட்டாரு. ரொம்ப வயசானவ பிரபு, மெதுவாத்தான் போறான்னேன். அப்புறம் கேக்கல."

மகோஹாச்சியின் வாய் திறந்தபடியே இருந்தது. முப்பத்துமூன்று வருடத்தில் அதிலிருந்து வார்த்தை வராமல் அது திறந்திருந்தது அன்றுதான்.

"அது பொய் இல்ல," என்றார் ஹன்ஜூரோ. "அவ கடந்துக்கிட்டுத்தான் இருந்தா. இவன் முதுகுல. ஆனா ராத்திரி தங்கலுல குறிப்பெழுத உக்காந்தப்போ, நின்னதை எழுதினா நின்ன காரணத்தை எழுதணும், காரணத்தை எழுதினா இவன் பேரை எழுதணும். பேரை எழுதினா இவன் தலை போயிரும். நான் எழுதல. அதுக்கப்புறம் அதை நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். எழுதினதை நம்பறது எனக்குப் பழக்கம்."

ஓமினே அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இன்னும் ஒரு மூலையில் சந்தேகம் இருந்தது. கணவருடைய சிநேகிதர்கள், சாகிறவளைத் தேற்ற என்னவும் சொல்வார்கள்.

"ஐயா," என்றாள். "நீங்க நிஜமாவே பார்த்திருந்தீங்கன்னா ஒண்ணு சொல்லுங்க. இவரு எப்படி ஓடினாரு?"

"கோணலா ஓடினான்மா. கிழவி இவன் காதைப் பிடிச்சுக்கிட்டுத் திட்டிக்கிட்டே போனா." ஹன்ஜூரோ குறிப்பேட்டை மூடினார். "பாதி வழியில இவனோட வைக்கோல் செருப்பு ஒண்ணு சேத்துல மாட்டிக் கழண்டுருச்சு. இவனுக்குத் தெரியவே இல்ல, கழுத்து நினைப்புலயே நடந்து ராத்திரி தங்கலுல எல்லாரோடயும் புதுச் செருப்பு மாட்டிக்கிட்டான். பல்லக்கு போற பாதையில அது கிடந்தா பிரபு பார்த்துருவாரு. கல்லு மறுபடி தோள்ல ஏறினதும் நான் முந்திப் போய் எடுத்துச் சட்டைக் கைக்குள்ள போட்டுக்கிட்டேன். சேறும் நாத்தமுமா எடோவரைக்கும் எங்கூடவே வந்துச்சு."

ஓமினே மெதுவாகக் கணவரின் கால்களைப் பார்த்தாள். பிறகு அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை இந்த முறை விடவில்லை.

"எந்தக் கால்னு கேளும்மா, அதையும் சொல்றேன்," என்றார் ஹன்ஜூரோ. "இடது. நடந்ததும்மா. எல்லாம் நடந்தது."